சான் இலாரியோவின் தரை

2006 நவம்பர் 6, திங்கள்

மழையும் இல்லை, பனியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சகதி. புருசெத் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஷூவுக்குள் தண்ணீர். கதவைத் திறந்த வசந்தமலர் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "உந்தச் சப்பாத்தோடை உள்ளை வராதையும்." வாடகைக்கு இருப்பவளுக்கு இதுதான் வரவேற்பு. உள்ளே புட்டும் மீன்குழம்பும் இருந்தபடியால் கோபித்துக்கொள்ளவில்லை.

அலுவலகத்தில் புது வேலை. இவ்வளவு நாள் கார் நிறுத்துமிடம், தண்ணீர்க் குழாய், ஓடுதளம் என்று பூமிக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை ஒரு தேவாலயம். அமெரிக்காவில், நியூ மெக்சிகோ பாலைவனத்தில், ஸ்பானியர்கள் கட்டிய மிஷன் கோயில். பெயர் சான் இலாரியோ. நம் ரேடார் வண்டியை (பார்த்தால் ஐஸ் விற்கும் தள்ளுவண்டி) உள்ளே தரை முழுக்கவும் சுவருக்கு வெளியே கொஞ்சமும் உருட்டி, மண்ணுக்குள்ளிருந்து வரும் எதிரொலியைப் பதிந்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படமாக்குவது என் வேலை. தரையைச் சூடாக்கும் குழாய் பதிக்கப் போகிறார்களாம். எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று நான் சொல்ல வேண்டும்.

ஹோகோன், என் மேலாளர், நல்ல மனிதர், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர், "சின்ன வேலை புஷ்பா, கிறிஸ்மஸுக்கு முன் முடிந்துவிடும்" என்றார். நெய்வேலியில் பிறந்தவளுக்குப் பூமியைத் தோண்டுவது என்ன புதுசா?

2006 நவம்பர் 9, வியாழன்

சும்மா படம் போட்டுக் கொடுத்திருக்கலாம். கோயிலின் கதையைப் படித்துத் தொலைத்தேன்.

ஆயிரத்து அறுநூற்று இருபதுகளில் ஒரு பாதிரியார் வந்தார். பூர்வகுடிகள் சடங்கு செய்துவந்த மேட்டைத் தேர்ந்தெடுத்து அதன் மேலேயே அஸ்திவாரம் போட்டார். பச்சைச் செங்கல் அறுத்தது ஊர்ப் பெண்களும் குழந்தைகளும். உத்திரங்கள் மலையிலிருந்து ஆண்களின் தோளில் வந்தன. மணி கட்டிய பிறகு ஊர் முழுக்க அந்த மணிக்கு அடிமை. பூசைக்கு வராதவனுக்குச் சவுக்கு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஊர் எழுந்தது. பாதிரியாரைக் கொன்று கூரையைக் கொளுத்தினார்கள். சில வருஷத்தில் படை திரும்பி வந்தது. அதே ஆட்களை வைத்து, எரிந்த சுவரின் மேலேயே மறுபடியும் கட்டினார்கள். அதற்குப் பிறகு அம்மை.

கொளுத்தியவர்களின் வம்சம் இன்று அதைத் தங்கள் கோயில் என்கிறது. வருஷாவருஷம் ஊரே கூடிச் சுவருக்குச் சேறு பூசுகிறது. எப்படி முடிகிறது? அக்கா கத்தோலிக்கர் ஆயிற்றே என்று அவரிடம் கேட்டேன். ஊறுகாய்ப் போத்தலைத் துடைத்தபடியே சொன்னார்: "எங்கடை ஊர்ச் சேர்ச்சையும் பறங்கியர்தான் கட்டினவை. சைவக் கோயிலை இடிச்ச கல்லிலை கட்டினது எண்டு கதை. இப்ப எங்கடைதானே. உதிலை விளங்காததுக்கு என்ன கிடக்கு?"

எனக்கு விளங்கவில்லை. தூங்கப் போகிறேன்.

2006 நவம்பர் 14, செவ்வாய்

அறிக்கை அனுப்பியாயிற்று.

பீடத்துக்கு அருகில் மூன்று சவப்பெட்டிகள், மிகத் தெளிவாக. பாதிரிமார்களாக இருக்கும். மற்றபடி கதவிலிருந்து பீடம் வரை, வடக்குச் சுவர் ஓரம் முழுக்க, சுத்தம். "குறிப்பிடத்தக்க பொருள் எதுவும் இல்லை. குழாய்க்கான பள்ளம் இப்பக்கம் செல்லலாம்." எழுதும்போதே திருப்தியாக இருந்தது. இந்த மாதிரி சுத்தமான படம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

மாலை தொலைபேசியில் எல்லாரும் பேசினோம். அங்கே காலை ஒன்பது மணி. மறைமாவட்டத்தின் ஒப்பந்தக்காரர் சந்தோஷப்பட்டார், டிசம்பர் நாலாம் தேதி பள்ளம் வெட்டத் தொடங்குவதாகச் சொன்னார். லூர்தெஸ் என்று ஒரு அம்மாவும் பேசினார். ஊர்க்காரர், பூர்வகுடி. அங்கே ஒவ்வொரு வருஷமும் ஒரு குடும்பம் கோயில் சாவியை வாங்கிப் பார்த்துக்கொள்ளுமாம், இந்த வருஷம் அவர் முறை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "ஒன்றுமே இல்லையா?"

"பீடத்தருகே மூன்று. மற்ற இடத்தில் இல்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நன்றி என்றார்.

2006 நவம்பர் 19, ஞாயிறு

அக்கா பூசைக்குப் போய்விட்டு வந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். திராமன் ஊரில் இருக்கும் தம்பி வரதராசாவோடு சண்டை. நவம்பர் மாதம் முழுக்க இறந்தவர்களுக்காக வேண்டுகிறார்களாம், குடும்பத்தில் மரித்தவர்கள் பெயரைச் சாமியாரிடம் கொடுப்பது வழக்கம். அக்கா தன் தாய் தகப்பன் பெயரைக் கொடுப்பார். கணவர் பெயரைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் இதே சண்டையாம்.

கணவர் பெயர் வின்சென்ற் என்று எனக்குத் தெரியும். ஆள் இப்போது இல்லை என்றும் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. இன்று அவரே சொன்னார், கேட்காமலே.

"தொண்ணூற்றாறிலை. பாண் வாங்க எண்டு சைக்கிளிலை போனவர். சந்தியிலை ஆமிக்காரர் மறிச்சவை எண்டு கண்ட சனம் சொன்னது. சைக்கிள் மதிலோடை சாத்திக் கிடந்தது. அவ்வளவுதான். தம்பி சொல்லுறான், பத்து வருசமாப் போச்சு, பேரைக் குடுங்கோ அக்கா எண்டு. குடுத்தா நான் எல்லோ அந்தாளைச் சாக்காட்டினதா முடியும்?"

மேசையில் என் மடிக்கணினி திறந்திருந்தது. சான் இலாரியோ படம். என்ன இது என்று கேட்டார். ரேடார் வண்டியைப் பற்றிச் சொல்லிச் சவப்பெட்டிகளைக் காட்டினேன், பெருமையாகத்தான். நெடுநேரம் பார்த்தார்.

"மண்ணைக் கிண்டாமலே தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

"பிடிச்ச ஆக்களை உப்பளப் பக்கம் கொண்டு போய் மண்ணுக்கை தாட்டதெண்டு ஒரு கதை இருக்கு, பிள்ளை. சண்டை ஒருக்கா ஓய்ஞ்சால்... உந்த வண்டிலைக் கொண்டு போகேலுமோ?"

பார்க்கலாம் அக்கா என்றேன். வேறென்ன சொல்ல.

2006 நவம்பர் 20, திங்கள்

உப்பு மண்ணுக்குள் ரேடார் பார்க்காது. அதை அவரிடம் சொல்லவில்லை.

2006 நவம்பர் 25, சனி

குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மற்றவர்கள் எங்கே?

அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியவனைக் கோயிலுக்குள்தான் புதைப்பார்கள். மண் தரைதானே, தோண்டுவது, மூடுவது, மேலே நின்று பூசை பார்ப்பது. வெளியே கல்லறைத் தோட்டம் வந்ததெல்லாம் மிகவும் பின்னால். அதற்கு முன் இருநூறு வருஷம் ஓர் ஊர் முழுக்க அங்கே செத்திருக்கிறது. அம்மையில் மட்டும் எத்தனை குழந்தைகள். நானோ மூன்று பெட்டியைக் காட்டிவிட்டு, சுத்தம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மண்ணோடு மண்ணாகிவிட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். துணியில் சுற்றிப் புதைத்தவர்கள், பெட்டி கிடையாது, அதனால் தெரியாது. சரியான விளக்கம்தான். பிறகு ஏன் இன்று முழுக்க ஒரு இடத்தில் கால் ஊன்றி நிற்க முடியவில்லை? கடையில் வரிசையில் நின்றேன், தரையையே பார்த்தேன். லூர்தெஸ் அம்மா பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

2006 நவம்பர் 27, திங்கள்

முறையாக எழுதுகிறேன், எழுதினால் மனம் அடங்கும்.

எங்களிடம் ஒரு வழக்கம். எந்தப் பதிவு வந்தாலும் முதலில் ஒரு வடிகட்டியில் போடுவோம். ரேடார் கருவி தானே போடும் இரைச்சல் ஒன்று எல்லா வரியிலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் எல்லா வரிக்கும் பொதுவானது எதுவோ அதைக் கழித்துவிடுவோம். மிஞ்சுவதுதான் பொருள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யோசிக்காமல் செய்கிறேன், சோற்றை வடிப்பது போல.

இன்று வடிக்காமல் பார்த்தேன்.

தரைக்குக் கீழே ஓர் ஆள் ஆழத்துக்குக் கலைந்த மண். கலைந்தது என்றால், தோண்டி மூடி, மறுபடி தோண்டி மூடி, உழுத வயல் மாதிரி. அதற்குக் கீழே கை படாத மண். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கதவிலிருந்து பீடம் வரை. சுவருக்குச் சுவர். சுவரைத் தொட்டதும் நின்றுவிடுகிறது, வெளியே ஒரு அடிகூட இல்லை.

அவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் இருந்தபடியால் நான் கழித்துவிட்டேன். மூன்று பாதிரிகள் மற்றவர்களைப் போல இல்லாமல் பெட்டிக்குள் கிடந்தார்கள், அதனால் அவர்கள் மட்டும் மனிதர்கள். மற்றவர்கள் இரைச்சல்.

அடிப் பாவி. என்ன பண்ணி வச்சிருக்கடி நீ.

2006 நவம்பர் 28, செவ்வாய்

ஹோகோனிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். நம்பவில்லை என்று சொல்லவில்லை. "இருக்கலாம்" என்றார். "இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும். அதுதான் முறை. அறிக்கையைத் திரும்பப் பெறுவது சாதாரண விஷயம் இல்லை. கிறிஸ்மஸுக்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்போம்."

"நாலாம் தேதி தோண்டுகிறார்கள்."

"குழாய்ப் பள்ளம்தானே, ஆழம் அதிகம் இருக்காது."

மேலே இருப்பவர்கள்தான் கடைசியாகச் செத்தவர்கள் என்று சொன்னேன். அம்மைக் குழந்தைகள். அவர் முகம் மாறியது, ஆனால் முறை முறைதான். நாளை வேலையாக ஸ்டவாங்கர் நகரத்துக்குப் போகிறார், வெள்ளி வரை வரமாட்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் கத்தியாவது இருப்பேன்.

2006 நவம்பர் 29, புதன்

சாப்பாட்டு மேசையில் அக்காவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. வடிகட்டியைப் பற்றி, வெள்ளைக் கோட்டைப் பற்றி, லூர்தெஸ் அம்மாவைப் பற்றி, எல்லாம். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதுதான் உண்மை.

"ஒண்டும் இல்லை எண்டு எழுதிக் குடுத்தனீரோ?"

"தெரியாமல் செய்தது, அக்கா."

"எனக்கும் உப்பிடித்தான் எழுதித் தந்தவை. எத்தினை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினனான். அப்பிடி ஒரு ஆள் எங்களிட்டை இல்லை. அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை." குரல் உயரவே இல்லை. "நான் நினைச்சனான் அவங்கள் பொய் சொல்லுறாங்கள் எண்டு. இப்ப பாத்தா, வடிவாப் படிச்ச ஆக்களும் மனச்சுத்தியோடை உப்பிடித்தான் எழுதுவினம் போலை."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் கழுவட்டுமா என்றேன். தானே கழுவி வைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தன் அறைக் கதவைச் சாத்தினார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2006 நவம்பர் 30, வியாழன்

காலையில் அக்கா முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பும்போது, திரும்பிப் பார்க்காமல், சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி: "அந்த மனிசிக்குக் கெதியாச் சொல்லும்."

மாலை ஐந்துக்கு லூர்தெஸ் அம்மாவை அழைத்தேன். அலுவலகத்துக்குத் தெரியாமல், என் கைபேசியிலிருந்து. என் அறிக்கை தவறு என்று சொன்னேன். முழுத் தரையும் கல்லறை என்று சொன்னேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்களுக்குத் தெரியும்" என்றார். "எங்கள் ஆட்கள் எங்கே போயிருப்பார்கள்? ஆனால் நீங்கள் இயந்திரத்தால் பார்த்தவர்கள். நாங்கள் சும்மா சொல்கிறவர்கள்."

பிறகு சொன்னதை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். போன வாரமே ஒப்பந்தக்காரர் கதவோரம் ஒரு சோதனைக் குழி வெட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு சின்னத் தாடை வந்திருக்கிறது, பால்பற்களோடு. லூர்தெஸ் அம்மா அதைத் துணியில் வைத்துக் கேட்டிருக்கிறார், இது என்ன என்று. ஒப்பந்தக்காரர் என் அறிக்கையைக் காட்டியிருக்கிறார். இங்கே மனிதர்கள் இல்லை என்று எழுதியிருக்கிறது, எனவே அது ஆட்டுக்குட்டி.

"ஆட்டுக்குட்டி என்று நான் நம்பவில்லை" என்றார் லூர்தெஸ். "ஆனால் எப்படி மறுத்துப் பேசுவது என்று தெரியவில்லை."

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத்தில் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டார். உடனே அனுப்பினேன். என் பெயரில், என் கையெழுத்தில், படத்தோடு.

2006 டிசம்பர் 2, சனி

பால்பல். வழித்துணை மாதிரி எங்கே போனாலும் கூடவே வருகிறது. டி-பானா ரயிலில் எதிரே ஒரு குழந்தை சிரித்தது, அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டேன்.

2006 டிசம்பர் 4, திங்கள்

இன்று வெட்டுகிறார்கள். அல்லது வெட்டவில்லை. என் கடிதம் யார் கைக்குப் போனது? ஹோகோன் காலையில் என்னைப் பார்த்து "ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கிறாய்" என்றார். காய்ச்சல் என்றேன். மாலை ஆறு வரை உட்கார்ந்திருந்தேன், தொலைபேசி அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அக்காவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். தொலைக்காட்சி தானாகப் பேசிக்கொண்டிருந்தது.

2006 டிசம்பர் 5, செவ்வாய்

வெட்டவில்லை!

லூர்தெஸ் அம்மா அழைத்தார். ஒப்பந்தக்காரர் நேற்று ஆட்களோடும் இயந்திரத்தோடும் வந்து நின்றிருக்கிறார். கதவு பூட்டு. சாவி எங்கே என்று கேட்டதற்கு, வைத்த இடம் மறந்துவிட்டது என்று லூர்தெஸ் அம்மா சொன்னாராம். நாள் முழுக்கத் தேடுவது போலத் தேடியிருக்கிறார், ஊர்ப் பெண்களும் சேர்ந்து தேடியிருக்கிறார்கள். தேநீர் வேறு கொடுத்திருக்கிறார்கள். மாலையில் மறைமாவட்டத்திலிருந்து, என் கடிதத்தைப் படித்துவிட்டு, வேலையை நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறது. "சாவி உடனே கிடைத்துவிட்டது" என்றார். அவர் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் முறை.

அக்காவிடம் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டார். ரொட்டி சுடப் போனார்.

2006 டிசம்பர் 18, திங்கள்

ஹோகோன் இன்று கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். சரியான காரியத்தைத் தவறான வழியில் செய்துவிட்டேனாம். மறுக்கவில்லை. ஜனவரியில் முடியும் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. அதற்குள் இதுவரை நாங்கள் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்த பழைய இடங்களை எல்லாம் வடிக்காமல் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கும் குரல் சரியாக இல்லை.

சான் இலாரியோவில் குழாய் வேண்டாம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. குளிர்ந்தால் இரண்டு காலுறை போட்டுக்கொள்வார்களாம். அந்தச் சின்னத் தாடையை அது வந்த இடத்திலேயே வைத்து மூடியாயிற்று. லூர்தெஸ் அம்மா ஒரு கோரிக்கை வைத்தார்: படத்தை அழித்துவிட வேண்டும். "அவர்களைப் பார்ப்பதற்கு நாங்கள் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை."

அழித்தேன். ஹோகோன் பக்கத்தில் நின்றார். திரை கறுத்த பிறகும் அந்த வெள்ளைக் கோடு எனக்குத் தெரிந்தது. இப்போதும் தெரிகிறது, இந்த அறைத் தரையில், கட்டிலுக்குக் கீழே. புருசெத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன், கீழே இருப்பது பாகிஸ்தான்காரர் வீட்டுச் சமையலறை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்.

2007 ஜனவரி 11, வியாழன்

பழைய படங்கள். ஒரு நாளைக்கு இரண்டு. இதுவரை வெறும் மண்தான். ஒவ்வொன்றையும் திறக்கும் முன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

2007 பிப்ரவரி 4, ஞாயிறு

"இண்டைக்கு என்னோடை பூசைக்கு வாரும், பூசை குடுத்திருக்கிறன்" என்றார் அக்கா. யாருக்கு என்று கேட்கத் துணியவில்லை. கறுப்புச் சேலை கட்டியிருந்தார்.

கோயில் வாசலில் வரதராசா நின்றார். அக்கா சாமியாரிடம் துக்கப்பூசை கேட்டிருக்கிறார் என்று யாரோ சொல்லி, திராமனிலிருந்து விடிய வந்திருக்கிறார், மனைவி பிள்ளைகளோடு, கறுப்புக் கோட்டில். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நல்ல முடிவு அக்கா" என்றார். அக்கா கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து வருஷம் கழித்துக் கணவர் பெயரைக் கொடுத்துவிட்டார் என்றே நானும் நினைத்தேன். பூசை எனக்குப் பழக்கமில்லை. கடைசி வரிசையில் நின்றேன்.

சாமியார் வாசித்தார்: "இன்றைய திருப்பலி, சான் இலாரியோ என்னும் ஊரில் கோயில் தரைக்குள் இருக்கிற எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. வேண்டுபவர், திருமதி வசந்தமலர் வின்சென்ற்."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சான் இலாரியோ எந்த ஊர்? மன்னார்ப் பக்கமா? வரதராசா திரும்பித் தமக்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அக்கா பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் கேட்டார். "அக்கா, அத்தானுக்கு எண்டெல்லோ நாங்கள் வந்தனாங்கள்."

"அந்தத் தரைக்குள்ளை இருக்கிறவை செத்தது உறுதி, தம்பி. இவ பாத்துச் சொன்னவ. அவைக்குக் குடுக்கலாம்."

வரதராசா கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டப் போனார். ஏறச் சொல்லிக் கேட்டும் அக்கா ஏறவில்லை. நாங்கள் இருவரும் டி-பானாவில் வந்தோம்.